ஒன்றரை வர்க்கி

பக்கத்துக் கட்டில் கனகவல்லியக்காவை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தியாகிவிட்டது, அடுத்தது ரூபிகாதான், நடுவில் வேறு ஆள் இல்லை. பெஞ்சில் அவளும் அம்மாவும். பச்சைக் கதவு, மேல்பாதி கண்ணாடி, கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்ததால் நிழல்தான் தெரிந்தது, ஒரு நிழல் குனிந்தது, ஒரு நிழல் நகர்ந்தது, அவ்வளவுதான். அக்கா கத்துவாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. கத்தினால்கூடத் தேவலை, இதோ இப்போதுதான் தலையில் கரன்ட் வைக்கிறார்கள் என்று தெரிந்துபோகும், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் வயிற்றைப் பிசைகிறது. வயிறு. வயிற்றைப் பற்றி நினைக்காதே. கரன்ட்டைப் பற்றி நினை. கரன்ட் என்றால் அவளுக்குத் தெரியாதா, ப்ளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடியாகப் போய் நின்றாளே, தையல்காரர் தைத்துத் தள்ளுவதை வாங்கி மடித்துக் கொடுக்கிற வேலை, அப்போது ஒரு மழை நாளில் ஈரக்காலோடு மெஷினைத் தொட்டுவிட்டாள். விரலைப் பிடித்து யாரோ முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. தையல்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், செருப்பப் போட்டுட்டுத் தொடு புள்ள, செத்துக்கித்துப் போனா எம் பீஸ ஆரு மடிக்கறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி வரை விரல் அவளுடையதாகவே இல்லை. அது விரல். இது தலை. தலை கொஞ்ச நேரம் தன்னுடையதாக இல்லாவிட்டால் அந்த நேரத்தில் தான் எங்கே போய் நிற்பது, அதை யாராவது சொல்லியிருக்கிறார்களா, பெரிய டாக்டரம்மா அத்தனை விளக்கினார்கள், மயக்க ஊசி போட்டுத்தான் வைப்போம், வலி தெரியாது, உடம்பு தூக்கிப்போடாது, எல்லாம் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை.

"குளுருதா கண்ணு?" என்று அம்மா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். குளிரத்தான் செய்தது, அவளுக்கு எப்போதும் குளிரும், சித்திரை வெயிலிலும் குளிரும், அதனால்தான் ஆஸ்பத்திரி அங்கிக்கு மேலே அம்மாவின் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சால்வையின் முனையில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் பாதி வர்க்கி. விரலால் தொட்டுப் பார்த்தாள், இருக்கிறது, நொறுங்கிப்போய் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. மீதிப் பாதி வயிற்றுக்குள் இருக்கிறது. அதற்கு முன்னால் தின்ற முழு வர்க்கியும் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. கரன்ட் வைக்கிற அன்றைக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும், ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது, நேற்றே ஸ்டெல்லா சிஸ்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வயித்துல எதாவது இருந்துச்சுன்னா மயக்கத்துல அது மேல வரும்மா, மேல வந்து மூச்சுக்குழாய்ல போயிடும், போச்சுன்னா ஆபத்து, புரியுதா. புரிந்தது. புரியாமலா தின்றாள். இன்றைக்குக் காலையில் சிஸ்டர் அட்டையை வைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார், ஆடுற பல்லு இருக்கா, நகை கழட்டியாச்சா, கொலுசு, ஹேர்பின், தலையில எண்ணெய் வச்சியா, கடைசியாக, ஏதாவது சாப்பிட்டியா, குடிச்சியா. ரூபிகா வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே விழுந்தாள். "இவளா? இவ சாப்பிட்டாளான்னா கேக்கறீங்க சிஸ்டர்? அதுக்குத்தானுங்க இங்க வந்து கெடக்கறோம்." சிஸ்டர் சிரித்துவிட்டார். கனகவல்லியக்கா சிரித்தாள். பெருக்குகிற அம்மாகூடத் துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தது. சிஸ்டர் டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவள் பொய்யே சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை, ஒன்றரை வருசமாகச் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னவள், இன்றைக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை, கேள்வி அவள் தலைக்கு மேலேயே பறந்துபோய்விட்டது.

ஏன் தின்றாய் என்று கேட்டால் என்ன சொல்வது. பசித்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள், அவளே நம்பவில்லை. நேற்று ராத்திரி கட்டில் கம்பியில் ஒரு சின்னப் பலகையை மாட்டினார்கள், உணவு கூடாது என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே ஒரு நிம்மதி, சும்மா சொல்லக்கூடாது, எத்தனை மாசமாகத் தின்னு தின்னு தின்னு, ஒரு வாய் தின்னு, எனக்காகத் தின்னு, சாமிக்காகத் தின்னு, மூக்கில் குழாய் விட்டு உள்ளே ஊற்றினார்கள், எல்லாம் முடிந்து கடைசியில் ஆஸ்பத்திரியே பலகை எழுதி மாட்டுகிறது, தின்னாதே என்று. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் தலைக்குள் ஒரு சூப்பர்வைசர் இருக்கிறான். கம்பெனி சூப்பர்வைசர் மாதிரியேதான், பின்னாலேயே நிற்பான், ஒரு பருக்கை வாய்க்குப் போனால் போதும், என்ன இது, என்ன இது, எவன் சொன்னான் உன்னை என்று ஆரம்பித்துவிடுவான், கண்ணாடி முன்னால் நிறுத்துவான், தொடையைக் கிள்ளிக் காட்டுவான், ரிஜெக்ட் ரிஜெக்ட் என்பான். அவனோடு சண்டை போட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அப்புறம் எதுவும் செய்யாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள், எழுந்திருக்கவே முடியவில்லை, பேச முடியவில்லை, குளிக்க முடியவில்லை, இல்லாமல் போய்விட்டால் போதும் என்று மட்டும் இருந்தது, அதுகூட ஆசை மாதிரி இல்லை, கனமாக இருந்தது, ஈரத்துணி மூட்டை மாதிரி. நேற்று அந்தப் பலகையை மாட்டினார்களா, சூப்பர்வைசருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. பலகை பார்த்துக்கொள்ளும் என்று தூங்கப் போய்விட்டான். அவளும் தூங்கினாள். விடியற்காலையில் முழிப்பு வந்தபோது தலைக்குள் யாரும் இல்லை. அம்மா குளிக்கிற இடத்தில் வரிசையில் நிற்கப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கனகவல்லியக்கா வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள், அவளுடைய அலமாரி மேலே காகிதப் பொட்டலம், கரன்ட் வைத்து எழுந்ததும் டீயில் தொட்டுத் தின்பதற்கு அவள் தம்பி ஒவ்வொரு தடவையும் வாங்கி வருகிற வர்க்கி. டால்டா வாசம் வந்தது. வாசம் வந்துகொண்டேதான் இருந்திருக்கும், இத்தனை நாளாக அது மூக்குக்கு வரவில்லை, இன்றைக்கு வந்தது. கை போனது. அவள் அனுப்பவில்லை, கை போனது. அடுக்கு அடுக்காக, காய்ந்த சருகு மாதிரி, நாக்கில் வைத்ததும் பொடிந்து, லேசாக இனிப்பு, லேசாக உப்பு. மென்றாள். விழுங்கினாள். இரண்டாவதையும் எடுத்துப் பாதியைக் கடித்த பிறகுதான் அவன் முழித்துக்கொண்டான்.

என்ன இது. என்ன இது. இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் இன்றைக்கு அவன் குரலை விடப் பெரிய சத்தம் ஒன்று நெஞ்சுக்குள் அடிக்கிறது. வயிற்றுக்குள் அந்த வர்க்கி என்ன செய்துகொண்டிருக்கும். கூழாகியிருக்குமா. ஊறிப் பெருத்திருக்குமா. மேலே ஏறி வருமென்றால் எப்படி வரும், வாந்தி மாதிரி வந்தால் தெரியுமே, மயக்கத்தில் தெரியாதே, தெரியாமலேயே தொண்டை வழியாக ஏறி, பக்கத்துக் குழாய்க்குள் வழுக்கி, அப்புறம் மூச்சு. சின்ன வயதில் ஒருதடவை புரை ஏறியது, பொரி, யாரோ முதுகில் அறைந்தார்கள். மயக்கத்தில் இருப்பவளை யார் அறைவார்கள். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம், அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள், அம்மா நான் வர்க்கி தின்னுட்டேன், இவ்வளவுதானே, ஒரு வரி. சொன்னால் என்ன ஆகும். பயத்தில் பொய் சொல்கிறாள் என்பார்கள். கரன்ட்டிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. நம்பிவிட்டால்? ஆ, தின்றாளா, ரூபிகா தின்றாளா என்று ஊரெல்லாம் பரவி, அம்மா மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, பாரு உனக்குப் பசிக்குது பாரு என்று நாளையிலிருந்து தட்டை நிறைத்து வைத்துவிட்டால்? தின்னத் தெரிந்தவள் என்று ஆகிவிட்டால் அப்புறம் அவளிடம் என்ன இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் செத்துப்போகலாம். சரி, செத்துப்போனால் என்ன, அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு மாசக்கணக்கில் கேட்டாயே, இதோ கதவுக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள், நீ வாயை மூடிக்கொண்டு படுத்தால் போதும், ஒன்றுமே செய்ய வேண்டாம். அப்புறம் ஏன் இப்படி வேர்க்கிறது. உள்ளங்கை ஏன் இப்படி நசநசக்கிறது. காய்ந்துபோன உடம்பில் இத்தனை தண்ணீர் எங்கே இருந்தது.

கனகவல்லியக்காவுக்குப் பயமே இல்லை. பல்லடத்துக்காரி, கோழிப்பண்ணை வைத்திருந்தவள், மகன் செத்துப்போன பிறகு ஒருநாள் எல்லாக் கோழியையும் திறந்துவிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். இப்போது பரவாயில்லை, பேசுகிறாள், கிண்டல் பண்ணுகிறாள். "ஒண்ணும் ஆவாது புள்ள. ஊசி ஏறுனதும் கரன்ட்டு வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. எந்திரிச்சா கொஞ்ச நேரம் நம்ம பேரு ஞாவகம் வராது. அது ஒண்ணும் நட்டமில்ல, என்ற பேரு எனக்கு என்னைக்கும் புடிச்சதே இல்ல." ஆனால் அவள் ஒவ்வொரு தடவை கரன்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகும் ரூபிகாவைப் பார்த்து, நீ ஆரு கண்ணு, புதுசா என்று கேட்பாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. அடுத்த தடவை வரவில்லை. டாக்டரம்மா சொன்னார்கள், ஞாபகம் கொஞ்சம் தடுமாறும், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பெரும்பாலும். வராதது எது என்று யார் முடிவு பண்ணுவது. பள்ளிக்கூடம் போனால் போகட்டும். கம்பெனி போகட்டும். எந்தச் சோற்றில் எவ்வளவு என்று தலைக்குள் போட்டு வைத்திருக்கிற கணக்கெல்லாம் போய்விட்டால்? சூப்பர்வைசரே போய்விட்டால்? போகட்டும் சனியன். ஐயோ, போய்விட்டால் காலையில் எழுந்து யாரிடம் கேட்பது, இதைத் தொடலாமா, வேண்டாமா என்று. அவன் கெட்டவன்தான், ஆனால் ஒன்றரை வருசமாகக் கூடவே இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் இல்லாமல் முழித்து, பசியோடு முழித்து, இன்றைக்கு விடியற்காலை மாதிரி கை பாட்டுக்குப் போய், நிறுத்த ஆளில்லாமல், ஒன்று, இரண்டு, பொட்டலம் முழுக்க, பக்கத்து அலமாரி, அடுத்த அலமாரி, வார்டு முழுக்க. செத்துப்போவதை விட அதுதான் பயமாக இருந்தது. இல்லை. செத்துப்போவதும் பயமாகத்தான் இருந்தது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு, எது மேலே எது கீழே என்று தெரியாமல், நெஞ்சில் மிதித்தன.

அம்மா கொட்டாவி விட்டாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மாவும் சாப்பிடவில்லை, நீ உண்ணாம எனக்கு ஒரு வாய் எறங்காது என்று முதலில் அழுதாள், அப்புறம் அதையே நேர்ச்சை ஆக்கிவிட்டாள், மகள் தின்னாத பொழுதெல்லாம் அவளும் பட்டினி. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை, சேப்டி பின் குத்தியிருக்கிறாள். பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, என் பட்டினியையும் பங்கு கேட்க வந்துவிட்டாளே என்று இருந்தது. அம்மாவுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. லைட் மேஜையில் பீஸை விரித்துப் போட்டால் ஓட்டை, கறை, விட்ட தையல், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் அதே வேலைதான். தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்தால் விட மாட்டாள். வாயத் தொற. நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம் கன்னத்தக் காட்டு. கன்னத்தில் ஒதுக்கியது அகப்படும், பாவாடை மடிப்பில் ஒளித்தது அகப்படும், அகப்பட்டதும் அம்மா அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள், வீணாக்கக் கூடாதாம், அதைப் பார்க்கத்தான் முடியாது. டாக்டரம்மா காகிதத்தை நீட்டியபோது, பதினெட்டு முடிஞ்சுருச்சு, நீதான் கையெழுத்துப் போடணும், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம் என்றார்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சொல்லு என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை, அந்த சேப்டி பின் மட்டும் முதுகில் மினுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். இப்போது, பாதி வர்க்கியை முடிச்சில் வைத்துக்கொண்டு, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிட்டாள். கூப்பிட்டாளா. உதடு அசைந்தது, குரல் வந்ததா தெரியவில்லை, ரொம்ப நாளாகப் பேசாத தொண்டை, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி. "என்ன கண்ணு, மூத்திரம் வருதா?" என்றாள் அம்மா. அப்போது கதவு திறந்துவிட்டது.

கனகவல்லியக்கா தள்ளுவண்டியில் வந்தாள், வாயோரம் எச்சில், முகம் சிவந்து, நெற்றியோரம் ஈரமாகப் பசை, குறட்டை விட்டாள், குறட்டை என்றால் உயிர் இருக்கிறது, அந்தக் குறட்டையை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்போல இருந்தது, அதற்குள் திருப்பிக் கொண்டு போய்விட்டார்கள். "வாம்மா ரூபிகா" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். சால்வையை அம்மா வாங்கிக்கொண்டாள். முடிச்சோடு வாங்கிக்கொண்டாள். ஐயோ. திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை, கதவு, குளிர், டெட்டால் மணம், உயரமான மேஜை, படு, நேரா படு, காலை நீட்டு. முதுகெலும்பு மேஜையில் மணி மணியாகக் குத்தியது. நெஞ்சில் எதையோ ஒட்டினார்கள், அவள் நெஞ்சடிப்பு ஒரு பெட்டிக்குள் இருந்து டிக் டிக் என்று வெளியே கேட்டது, எல்லார் முன்னாலும், வெட்கமாக இருந்தது, இத்தனை வேகமாகவா அடிக்கிறது. பக்கத்தில் இன்னொரு பெட்டி, குமிழ் எல்லாம் வைத்து, சின்னது, இதுவா, இத்தூண்டுதானா, ரேடியோ மாதிரி இருக்கிறதே. மயக்க டாக்டர் வழுக்கைத் தலை, மீசை, புறங்கையைத் தட்டித் தட்டி நரம்பைத் தேடினார். "ஏம்மா, நரம்ப எங்க ஒளிச்சு வச்சிருக்க?" ஒளித்து வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊசிக்குழாய் இறங்கியது. கடித்துக்கொள்ள ரப்பர் ஒன்று தயாராக இருந்தது, அது யார் யார் வாயில் எல்லாம் போனதோ. மாஸ்க் மூக்கின் மேல் வந்தது, பிளாஸ்டிக் வாடை, நல்லா இழுத்து விடு, நல்லா, அப்படித்தான். இன்னும் ஒரு இழுப்பு. அவர் கையில் ஊசி, பால் மாதிரி வெள்ளை மருந்து. இதுதான். இது உள்ளே போனால் அப்புறம் அவள் இருக்க மாட்டாள், வர்க்கி மட்டும் இருக்கும், அவள் இல்லாத உடம்புக்குள் அது மட்டும் தனியாக முழித்துக்கொண்டு, மேலே ஏற வழி பார்த்துக்கொண்டு. சொல்லாதே என்றான் சூப்பர்வைசர். மானம் போய்விடும், தின்றவள் ஆகிவிடுவாய். டிக்டிக்டிக்டிக் என்றது பெட்டி. வேண்டாம், எனக்கு வேண்டாம், நான் சாக மாட்டேன், அம்மா. கை எழுந்தது. இந்தத் தடவை அவள்தான் அனுப்பினாள். மாஸ்க்கைப் பிடித்து ஒரே தள்ளு.

"தின்னுட்டேன்."

"என்னம்மா?" டாக்டர் குனிந்தார்.

"வர்க்கி தின்னுட்டேன். காத்தால."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டெல்லா சிஸ்டர், "சார், பயத்துல சொல்றா சார், இவ போய் வர்க்கி தின்னாளாம், இவளுக்கு இட்லியில கால்வாசி ஊட்டறதுக்குள்ள எங்களுக்கு ஒரு ஷிப்ட் போயிடுது" என்றார். மயக்க டாக்டர் சிரிக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். வைத்த சத்தம் கேட்டது, இரும்புத் தட்டில் சின்னதாக ஒரு சத்தம், அதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது, அதுவரைக்கும் உதறவில்லை. "பொய்யோ நெசமோ, அந்தப் புள்ள தின்னேன்னு சொன்ன பெறகு நான் மருந்து போட மாட்டேன்" என்றார் அவர். "சிஸ்டர், காலைல இவகிட்டக் கேட்டீங்களா, இவங்கம்மாகிட்டக் கேட்டீங்களா?" சிஸ்டருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. பெரிய டாக்டரம்மா வந்து நெற்றியில் கை வைத்தார்கள். "நாளன்னைக்கு வச்சுக்கலாம். ஒரு வர்க்கி தின்னதால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் நினைக்க மாட்டேன், நீயும் பயப்படாத." எப்படி அது தெரிந்தது இவர்களுக்கு.

வெளியே அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சால்வை முடிச்சை அவிழ்த்திருந்தாள், உள்ளங்கையில் பாதி வர்க்கி, செக்கிங்காரி அல்லவா, கையில் வாங்கிய உடனேயே தடவிப் பார்த்திருப்பாள். சிஸ்டர் விசயத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனதும் அம்மாவின் முகம் கல்லாகிவிட்டது. "தின்னயாமா. தின்னவ எதுக்குடி இத ஒளிச்சு வெச்ச? ஒளிச்சு வெச்சா தின்னலேன்னுதானே அர்த்தம், எனக்குத் தெரியாதா உன்ற வேல. ஆரோ குடுத்திருக்காங்க, வழக்கம்போல முடிஞ்சு வெச்சுட்டு, உள்ள போயித் தின்னேன்னு சொல்லித் தப்பிச்சுட்டு வந்துட்ட." இதை ரூபிகா யோசிக்கவே இல்லை, கையில் இருக்கிற பாதி தின்றதற்குச் சாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, இந்த வீட்டில் அது எப்போதும் தின்னாததற்குத்தான் சாட்சி. முதன்முதலாக ஒரு நெசத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறாள், பெற்றவளே நம்பவில்லை, நம்புவதற்கு அவளும் ஒருநாளும் வழி வைக்கவில்லை. கோபம் வந்தது, அழுகை வந்தது. யாரும் கேட்காமல் வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். அந்தப் பக்கம் கன்னத்தைக் காட்டினாள்.

அம்மா முதலில் பார்க்கவே இல்லை. அப்புறம் பழக்கதோசத்தில் பார்த்தாள். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஆஸ்பத்திரி குழல்விளக்குக்குக் கீழே, லைட் மேஜையில் பீஸைப் பார்ப்பதுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். கன்னத்தில் ஒதுக்கல் இல்லை. நாக்குக்கு அடியில் ஒன்றுமில்லை. கடைவாய்ப் பல்லின் குழியில், இடுக்கில், மென்று மென்று மாவாகி அப்பிக்கொண்டிருந்தது. அம்மா மூக்கைக் கிட்டே கொண்டுவந்து மோந்து பார்த்தாள். டால்டா. பிடித்திருந்த தாடையை விடவில்லை.

"மென்னிருக்கற."

"ம்."

"முழுங்கீட்டயா?"

"ம்."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தாள், மாரியம்மனைக் கூப்பிடுவாள் என்று நினைத்தாள், அதற்காகவே பயந்துகொண்டு நின்றாள். அம்மாவுக்கு ஆத்திரம்தான் வந்தது. "ஏன்டி, இத்தன மாசம் ஊரே கெஞ்சுனப்ப இல்லாம, தின்னாதேன்னு போர்டு எழுதி மாட்டுன அன்னைக்குத்தானா உனக்குப் பசிச்சுது? செத்துப்போயிருப்பயேடி. சிஸ்டர் கேட்டதுக்கு நானே குறுக்க பதில் சொல்லி, எல்லாரையும் சிரிக்க வெச்சு, நானே உள்ள அனுப்பி வெச்சிருப்பனே." அதைச் சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே விளங்கியது போல, வாயைப் பொத்திக்கொண்டாள். ஒட்டிப்போன இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், ஒருவர் மேல் ஒருவர் எலும்பு குத்த உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து அறையில் கனகவல்லியக்கா முழித்துவிட்டாள், குரல் கேட்டது. "டேய், நீ ஆருடா?" தம்பி சொன்னான், "நாந்தானக்கா, குமரேசன்." "சரி சரி. என்ற வர்க்கிய எங்க? நாலு வெச்சிருந்தன், ரெண்டுதான் இருக்குது." "உனக்கு எம் பேரே ஞாவகமில்ல, வர்க்கிய எண்ணிக்கிட்டு இருக்கற." "பேருல என்னடா இருக்குது, திங்கவா முடியும்?" ரூபிகாவுக்குத் தொண்டையில் எதுவோ புறப்பட்டு வந்தது, இருமல் என்று நினைத்தாள், இல்லை, சிரிப்பு, அதுவும் துருப்பிடித்துத்தான் வந்தது. நாளன்னைக்கு மறுபடியும் இந்தப் பெஞ்ச், இந்தக் கதவு, அந்தப் பால் ஊசி. அது எங்கேயும் போகவில்லை. சூப்பர்வைசரும் போகவில்லை, பின்னாலேயே நிற்கிறான், கண்ணாடி முன்னால் நிறுத்தக் காத்திருக்கிறான்.

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணக் கட்டுது கண்ணு. பசிக்குது. கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தரட்டுமா?" இத்தனை நாளில் அம்மா பசிக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"போயிட்டு வா. அந்தக்காளுக்கு வர்க்கி வாங்கீட்டு வா, நான் எடுத்துத் தின்னுட்டேன்."

"எத்தன, ரெண்டா?"

ரெண்டு என்றுதான் சொல்ல வந்தாள். நெஞ்சு அந்தப் பெட்டிக்குள் அடித்ததுபோல மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"மூணு" என்றாள்.

அம்மா அவளைப் பார்த்தாள். மூன்றாவது யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கில்லை என்று ரூபிகா சொல்லியிருப்பாள்.